கருத்தடை மாத்திரை: உட்கொள்ளும் முறையும் காப்பும்

ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் இடையே தக்க இடைவெளி இருப்பின் தாயின் உடல் தேறும்; சேயும் நன்கு வளரும். ஒரு பிரசவத்திற்குப் பின் அடுத்த கருவுறுதற்குக் குறைந்தது இரண்டாண்டுகள் கழிதல் நன்று என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கருத்து. 1952-ஆம் ஆண்டில் நம் நாட்டில் குடும்ப நலத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன்பின் இவ்விடைவெளியைப் பெறுதற்குரிய சாதனங்கள் பல கிராமங்கள் வரை வந்துள்ளன. அவற்றுள் ஒன்று, நாள்தோறும் உட்கொள்ளும் கருத்தடை மாத்திரை. நம் துணை சுகாதார நிலையங்களில் 'மாலா-என்' என்னும் பெயரில் இது இலவசமாகக் கிடைக்கிறது. கிடைப்பது வேறு, பயன்படுவது வேறு. இவ்வேற்றுமையை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதை முதலில் கூறுவோம்.

ஒரு கிராம சபையில் எழுந்த வினா

நம் வட்டாரத்திலுள்ள ஓர் ஊராட்சியின் கிராம சபைக் கூட்டத்தில், பெண் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, தம் வார்டில் மாத்திரை உட்கொண்டு வந்த ஓர் இளந்தாய் கருவுற்றுவிட்டதாகக் கூறினார். முதற் பிரசவத்திலேயே இரத்தக் குறைவால் பெரிதும் துன்புற்றவர் அத்தாய். "மாத்திரையில் பழுதா, எங்களிடத்தில் பழுதா?" என்று அங்கத்தினர் கேட்டார். நாம் விசாரித்தோம். மாத்திரையில் பழுது இல்லை. அப்பெண் வெள்ளை மாத்திரைகள் இருபத்தொன்றையும் ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டிருக்கிறார். எஞ்சிய கறுப்பு மாத்திரைகள் வெறும் சத்து மாத்திரைகள் என்று யாரோ கூறக் கேட்டு, அவற்றை எறிந்துவிட்டார். பின்னர் மாதவிலக்கு முற்றும் நின்ற பிறகு அடுத்த அட்டை வாங்கலாம் என்று காத்திருந்தார். வாங்கச் சென்ற நாளில் செவிலியர் முகாமுக்குச் சென்றிருந்தார். ஆக, புதிய அட்டை தொடங்கியது பன்னிரண்டாம் நாளில்.

"மாத்திரையைக் கொடுத்தீர்கள், சரி, சொல்லிக் கொடுத்தீர்களா?" என்று அவ்வங்கத்தினர் மீண்டும் கேட்டபோது, எத்தனை அட்டைகள் வழங்கினோம் என்னும் கணக்கைத் தவிர நம்மிடம் வேறு விடை இல்லை. நல்வாய்ப்பாக அத்தாயின் பிரசவம் நலமாக முடிந்தது. எனினும் இடையே இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை நேர்ந்தது. அக்குறையை நிறைவு செய்யும் பொருட்டே இப்பாடத்தை எழுதுகிறோம்.

மாத்திரை வேலை செய்யும் விதம்

இத்தகைய மாத்திரை முதன்முதலாக 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் 'எனோவிட்' என்னும் பெயரில் கருத்தடைக்கென அனுமதிக்கப்பெற்றது. அதில் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று நம் மாலா-என் மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராமே. அத்துடன் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்னும் மருந்து 0.15 மில்லிகிராம் சேர்ந்துள்ளது. பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் இரு சுரப்பு நீர்களை ஒத்தவை இவை. இரண்டும் சேர்ந்திருப்பதால் இதனைக் கூட்டு மாத்திரை என்கிறோம்.

மாதந்தோறும் சூலகத்தில் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவருகிறது. அதற்குரிய ஏவல் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து செல்கிறது. மாத்திரையிலுள்ள மருந்து அவ்வேவலை அடக்கிவிடுவதால் முட்டை முதிர்வதில்லை. அன்றியும் கருப்பையின் வாயிலிலுள்ள சளி தடித்து, விந்தணு உட்செல்லாமல் தடுக்கிறது.

இவ்வடக்கம் நிலைபெறுதற்குத் தொடர்ந்து ஏழு நாட்கள் மருந்து செல்லுதல் வேண்டும். அதேபோல், மருந்தின்றி உடல் பொறுத்திருக்கும் காலமும் ஏழு நாட்களே. ஏழு நாட்களுக்கு மேல் இடைவெளி நீண்டால் சூலகம் விழித்துக்கொள்ளும். இந்த ஏழு என்னும் எண்ணை நினைவிற் கொண்டால், பின்வரும் விதிகள் யாவும் எளிதில் விளங்கும். மேற்கூறிய தாய்க்கு இடைவெளி பதினொரு நாட்களாயிற்று. பழுது நேர்ந்த இடம் அதுவே.

அட்டையும் அதன் ஒழுங்கும்

ஓர் அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. வெள்ளை நிறமுள்ள 21 மாத்திரைகளில் கருத்தடை மருந்து இருக்கிறது. கறுப்பு நிறமுள்ள ஏழும் இரும்புச் சத்து மாத்திரைகள். இவை கருத்தடை செய்வதில்லை. எனினும் இவற்றால் இரு பயன்கள் உண்டு. இரத்தத்திற்கு இரும்புச் சத்து கிடைக்கிறது. நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் பழக்கம் விட்டுப்போகாமல், ஏழு நாட்களின் கணக்கும் தானே அமைகிறது. கறுப்பு மாத்திரை உட்கொள்ளும் நாட்களில் மாதவிலக்கு உண்டாகும். அது நின்றாலும் நிற்காவிட்டாலும், கடைசிக் கறுப்பு மாத்திரைக்கு மறுநாளே புதிய அட்டையின் முதல் வெள்ளை மாத்திரையைத் தொடங்குதல் வேண்டும். ஆகையால் அடுத்த அட்டை முன்னதாகவே வீட்டில் இருத்தல் இன்றியமையாதது.

தொடங்கும் நாள்: மாதவிலக்கு தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் தொடங்கினால் உடனே காப்பு உண்டு. கருவுற்றிருக்கவில்லை என்பது உறுதியானால் வேறு நாட்களிலும் தொடங்கலாம். அப்போது முதல் ஏழு நாட்களுக்கு ஆணுறையும் பயன்படுத்துதல் வேண்டும். கருச்சிதைவுக்குப் பின் உடனேயே தொடங்கலாம்.

உட்கொள்ளும் வேளை: நாள்தோறும் ஒரே வேளையில் உட்கொள்வது நன்று. இரவு உணவுக்குப் பின், விளக்கணைத்துப் படுக்குமுன் என்று ஒரு வழக்கத்தோடு பிணைத்துக்கொண்டால் மறதி நேராது, குமட்டலும் குறையும். நடவு, அறுவடைக் காலங்களிலும், திருவிழாவுக்கோ பிறந்த வீட்டிற்கோ செல்லும்போதும் அட்டையை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். கணவர் ஊரில் இல்லாத நாட்களிலும் மாத்திரையை நிறுத்துதல் கூடாது.

முறை தவறாது உட்கொண்டால் ஓராண்டில் நூறு பெண்களுள் ஒருவர்கூடக் கருவுறுதல் அரிது. இடையிடையே மறதியோடு உட்கொள்ளும் நடைமுறையில் நூற்றுக்கு ஏறக்குறைய எழுவர் கருவுறுகின்றனர். இவ்வேற்றுமைக்குப் பெரிதும் காரணம் மறதியே.

மறந்துவிட்டால் செய்ய வேண்டுவன

1. ஒரு வெள்ளை மாத்திரையை மறந்தால், நினைவு வந்தவுடன் அதனை உட்கொள்ள வேண்டும். அன்றைய மாத்திரையை உரிய வேளையில் உட்கொள்ளலாம். ஒரே நாளில் இரண்டு செல்வதால் கேடில்லை.

2. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளை மாத்திரைகள் தொடர்ந்து தவறினால், கடைசியாகத் தவறியதை உடனே உட்கொண்டு, மற்றத் தவறியவற்றை விட்டுவிட வேண்டும். பின்னர் வழக்கம்போல் தொடர வேண்டும். அடுத்த ஏழு நாட்களுக்கு ஆணுறை தேவை.

3. இத்தவறு மூன்றாம் வாரத்தில் நேர்ந்தால், வெள்ளை மாத்திரைகளை முடித்தபின் கறுப்பு மாத்திரைகளை விட்டுவிட்டு, மறுநாளே புதிய அட்டையைத் தொடங்க வேண்டும். இல்லையேல் இடைவெளி ஏழு நாட்களைக் கடந்துவிடும்.

4. இத்தவறு முதல் வாரத்தில் நேர்ந்து, அந்நாட்களில் உறவும் நிகழ்ந்திருந்தால், தாமதமின்றிச் செவிலியரைக் காண வேண்டும். 72 மணி நேரத்திற்குள் உட்கொள்ளும் அவசர கருத்தடை மாத்திரை உண்டு.

5. கறுப்பு மாத்திரை தவறினால் கவலை வேண்டுவதில்லை. தவறியதை எறிந்துவிட்டு, அடுத்த அட்டையை உரிய நாளில் தொடங்குவதே முக்கியம்.

6. மாத்திரை உட்கொண்ட மூன்று மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு வெள்ளை மாத்திரை உட்கொள்ள வேண்டும். கடும் வாந்தியோ பேதியோ இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால், மாத்திரை தவறியதாகவே கருதி நடக்க வேண்டும்.

யாருக்கு இது ஏற்றதன்று

எல்லா நிலத்திற்கும் ஒரே பயிர் ஏற்பதில்லை. ஆகவே மாத்திரை தொடங்குமுன் செவிலியரிடம் சென்று இரத்த அழுத்தத்தை அளந்து, உடல் வரலாற்றையும் கூறுதல் வேண்டும். அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கித் தொடங்குவது அறவே கூடாது.

தாய்ப்பால் கொடுப்போர் பிரசவமான ஆறு மாதங்கள் வரை இதனைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பால் கொடாதவரும் முதல் மூன்று வாரங்களில் தொடங்கலாகாது. இரத்தம் உறையும் அபாயம் மிகுந்திருப்போர் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் 140/90-க்கு மேற்பட்டோர், 35 வயதைக் கடந்து புகைபிடிப்போர், கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உடையோர், இதய நோயோ பக்கவாதமோ கண்டோர், கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி உடையோர், மார்பகப் புற்றுநோய் கண்டோர், கடும் கல்லீரல் நோயோ மஞ்சள் காமாலையோ உடையோர், நீரிழிவால் கண், சிறுநீரகம் முதலியன கெட்டோர் ஆகியோருக்கு இம்மாத்திரை ஏற்றதன்று.

காசநோய்க்கு வழங்கும் ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கு வழங்கும் பெனிட்டாயின், கார்பமசெபைன் ஆகியவை இம்மாத்திரையின் வலிமையைக் குறைப்பன. இவற்றை உட்கொள்வோர் வேறு முறையை நாட வேண்டும். காப்பர்-டி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி, சுரப்பு நீர் கலவாத 'சாயா' மாத்திரை, ஆணுறை எனப் பல வழிகள் உள்ளன. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் கூறுவார். பெரிய அறுவைச் சிகிச்சை செய்து நெடுநாள் படுக்கையில் இருக்க வேண்டியவர், மாத்திரை உட்கொள்வதை முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பொறுக்கத் தக்கவையும் பொறுக்கலாகாதவையும்

முதல் இரண்டு மூன்று மாதங்களில் குமட்டல், இலேசான தலைவலி, மார்பில் நோவு, இடையே சிறிது உதிரப்போக்கு ஆகியன தோன்றலாம். இவை பெரும்பாலும் தாமே அடங்கும். இவற்றுக்கு அஞ்சி அட்டையின் நடுவில் நிறுத்திவிடுதல் கூடாது.

ஆனால் நெஞ்சு வலி அல்லது மூச்சுத் திணறல், ஒரு காலின் கெண்டைச் சதையில் கடும் வலியும் வீக்கமும், இதுவரை கண்டிராத கடும் தலைவலி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், பொறுக்கவியலாத வயிற்று வலி, கண் மஞ்சளித்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இவை அரிதாகவே நேரும். மாத்திரை உட்கொள்ளாத பெண்கள் பதினாயிரவருள் ஓராண்டில் சுமார் இருவருக்கு இரத்தம் உறைதல் நேர்கிறது. இவ்வகை மாத்திரை உட்கொள்வோருள் ஐவர் முதல் எழுவர் வரை. கருவுற்ற காலத்தில் இவ்வபாயம் இதனினும் மிகுதி. அரிதாயினும் அறிகுறிகளை வீட்டிலுள்ள யாவரும் அறிந்திருத்தல் உயிரைக் காக்கும்.

தவறான எண்ணங்கள் சில

மாத்திரை உட்கொண்டால் மலடாகிவிடும் என்பது பொய். நிறுத்தியபின் விரைவிலேயே கருவுறும் தகுதி திரும்புகிறது. மாத்திரைகள் வயிற்றில் தங்கிக் கட்டியாகும் என்பதும் பொய். அவை கரைந்து இரத்தத்தில் கலந்து வெளியேறிவிடுகின்றன. இடையிடையே சில மாதங்கள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பாரும் உளர். அவ்வோய்வால் நன்மை இல்லை. எண்ணாத கருவே மிஞ்சும்.

புற்றுநோய் பற்றிய வினாவுக்கு நேரிய விடை கூறுதல் கடமை. மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு சிறிது கூடுகிறது. நெடுங்காலம் உட்கொள்வோரிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் அவ்வாறே. சூலகப் புற்றுநோயும் கருப்பையின் உட்சவ்வுப் புற்றுநோயும் குறைகின்றன. மாதவிலக்கில் உதிரப்போக்கு குறைவதால் இரத்தசோகைக்கும் இது நன்று. பால்வினை நோய்களையும் எச்.ஐ.வி. கிருமியையும் மாத்திரை தடுப்பதில்லை; அதற்கு ஆணுறையே காப்பு.

பஞ்சாயத்தின் கடமை

எம்முறையை மேற்கொள்வது, மேற்கொள்ளாதிருப்பது என்பது அப்பெண்ணின் முடிவு. யாரையும் வற்புறுத்துவதோ, யார் வாங்குகிறார் என்று ஊரில் பேசுவதோ பஞ்சாயத்தின் வேலையன்று. ஆயினும் செய்யத் தக்கவை பல உள. துணை சுகாதார நிலையத்தில் அட்டை இருப்பு உள்ளதா, இரத்த அழுத்தக் கருவி பழுதின்றி இருக்கிறதா என்பதை கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழுவின் கூட்டத்தில் கேட்கலாம். செவிலியர் முகாமுக்குச் செல்லும் நாட்களை முன்னதாக அறிவிக்கச் செய்யலாம். முறையாக உட்கொண்டு வருவோருக்கு ஒரே தடவையில் சில அட்டைகள் வழங்குமாறு கோரலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களில் மறதி விதிகளைச் செவிலியரைக் கொண்டு விளக்கச் செய்யலாம்.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. மாத்திரை உட்கொள்பவர் மனைவியாயினும் பொறுப்பு இருவருடையது. தண்ணீர் முறை வரும் நாளை மறவாது நினைவில் வைத்திருப்பவர், புதிய அட்டை தொடங்கும் நாளையும் நினைவில் வைக்கலாம். ஏழு நாள் ஆணுறை தேவை என்றால் முகம் சுளிக்காது இணங்கலாம்.

அந்த ஊராட்சியில் இப்போது அட்டை வாங்க வருவோரிடம் செவிலியர், "கறுப்பு முடிந்த மறுநாள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்ட பின்னரே கொடுக்கிறார். சரியான விடை வரும்வரை பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார். மற்ற ஊராட்சிகளிலும் இவ்வினா கேட்கப்பட வேண்டும் என்று விரும்புகிறோம்.