தினமும் வர்றவங்க சாப்பிடுற கடை

போன வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்காக பெங்களூரு போனோம். காலேஜ் வாசல்ல காலை 5 மணிக்கு பஸ் கிளம்புச்சு. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் தாண்டி நாங்க தூங்கி எழுந்தப்போ, ஹைவே ஓரத்துல ஒரு மோட்டல் முன்னாடி பஸ் நின்னுட்டு இருந்தது. பெரிய போர்டு, கலர் லைட்டு, ஸ்பீக்கர்ல குத்துப் பாட்டு. ஒரு செட் பூரி 110 ரூபாய். ஆறிப்போய் ரப்பர் மாதிரி இருந்தது. டிரைவர் அண்ணா மட்டும் உள்ள தனி ரூம்ல சாப்பிட்டார், அவருக்கு பில் கிடையாது. பஸ்ல ஊருக்குப் போற யாருக்கும் இந்தக் கதை புதுசு இல்ல.

என் பக்கத்து சீட்டு நண்பன் கீழயே இறங்கல. "பசிக்கலடா"ன்னான். ராத்திரிதான் விஷயம் தெரிஞ்சது. அவன் ஒரு நாள் செலவுக்கு வெச்சிருந்தது 200 ரூபாய். காலையிலயே 110 போயிட்டா மிச்ச ரெண்டு வேளைக்கு என்ன பண்றது? பையில இருந்த பிஸ்கட்டைத் தின்னுட்டு கண்ணை மூடிப் படுத்துட்டான். வெளியூர்ல எங்க சாப்பிடுறதுன்னு கண்டுபிடிக்கிறது ஏதோ ஃபுட் விலாகர் வேலைன்னு அதுவரைக்கும் நினைச்சிட்டு இருந்தேன். காசு குறைவா இருக்கிறவனுக்குத்தான் அது முதல்ல தெரிஞ்சிருக்கணும். ஒரு கடை தப்பாப் போனா அவனுக்கு அந்த நாளே போச்சு.

அதனால இதை ஒரு பாடம் மாதிரியே எழுதுறேன். எலக்டிவ்ல கேம் தியரி எடுத்தவங்களுக்கு 'ரிப்பீட்டட் கேம்' ஞாபகம் இருக்கும். எடுக்காதவங்களுக்கு ஒரே வரியில சொல்றேன்: ரெண்டு பேர் ஒரே ஒரு தடவை மட்டும் சந்திச்சா ஏமாத்துறவனுக்கு லாபம், தினமும் சந்திச்சா ஒழுங்கா நடந்துக்கிறவனுக்கு லாபம். ஹைவே மோட்டல் முதல் வகை. அந்தப் பூரி எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்கலன்னா என்ன? நான் திரும்பி வரப்போறது இல்ல, நாளைக்கு வேற பஸ் வரும். அந்தக் கடையோட உண்மையான கஸ்டமர் டிரைவர்தான். அவர்தான் திரும்பத் திரும்ப வர்றவர், அதனால அவருக்கு மட்டும் சூடா, நல்லா, இலவசமா கிடைக்குது. மோட்டல்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. அந்த ஆட்டத்தோட ரூல் அப்படி.

இப்போ அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வாங்க. ஷிஃப்ட் முடியுற நேரத்துல ஏதாவது ஒரு டீக்கடை முன்னாடி பத்து நிமிஷம் நில்லுங்க. வர்ற ஆள் எல்லாம் யூனிஃபார்ம், ஐடி கார்டு. அவங்களுக்கு பிரேக் கொஞ்ச நேரம்தான், சம்பளமும் கொஞ்சம்தான். இன்னிக்கு வடை எண்ணெய் குடிச்சிருந்தா நாளைக்கு எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க. அந்த டீ மாஸ்டர் தினமும் இருநூறு பேர்கிட்ட பரீட்சை எழுதுறார். நம்ம செமஸ்டர் எக்ஸாம் எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. எஸ்டேட்டுக்குப் பின்பக்கத் தெருக்கள்ல வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவங்களுக்காக ரொட்டி, சப்ஜி போடுற சின்னக் கடைகளும் இருக்கு. அவங்க ஊர் ருசி வரலன்னா அங்க ஒருத்தரும் உக்கார மாட்டாங்க.

ஆக, எந்த ஊர் போனாலும் முதல் கேள்வி 'இந்தக் கடை நல்ல கடையா?' இல்ல. 'இங்க சாப்பிடுறவங்க நாளைக்கும் வருவாங்களா?' அப்படிங்கிறதுதான்.

ரேட்டிங் பாத்தா போதாதான்னு கேப்பீங்க. நானும் பாப்பேன். ஆனா ரேட்டிங்னா சராசரி. யாரோட சராசரின்னு பாக்கணும். டூரிஸ்ட் ஊர்ல ரிவ்யூ போடுறவங்கள்ல பாதிப் பேர் ஒரு தடவை வந்துட்டுப் போறவங்க. பார்க்கிங் வசதி, ஏசி, டாய்லெட் எல்லாம் சேர்த்துத்தான் ஸ்டார் போடுவாங்க. தப்பில்ல, ஆனா அது சாம்பாரைப் பத்தின தகவல் இல்ல. பத்து வருஷமா அதே கடையில டிபன் சாப்பிடுற பேங்க் பியூன் ரிவ்யூவே போட்டிருக்க மாட்டார். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார் பாஷையில சொன்னா, சாம்பிளே கோணல். அதனால நான் ஸ்டாரை விட்டுட்டு ரிவ்யூவுக்குள்ள ரெண்டு வார்த்தைகளைத் தேடுவேன்: 'ரெகுலரா', 'தீர்ந்துடும்'.

அந்த 'தீர்ந்துடும்' முக்கியம். நல்ல கடைக்குன்னு ஒரு கடிகாரம் இருக்கும். திருநெல்வேலியில நெல்லையப்பர் கோவிலுக்கு எதிர்ல இருக்கிற இருட்டுக்கடையில காலையில போய் நின்னா அல்வா கிடைக்காது. சாயங்காலம்தான் திறப்பாங்க, சில மணி நேரத்துல முடிஞ்சிடும். மெஸ்ஸுன்னா மதியச் சாப்பாடு மூணு மணிக்கு மேல இருக்காது. நாம பன்னெண்டு மணிக்கு எழுந்து, நாலு மணிக்கு 'மீல்ஸ் இருக்கா'ன்னு கேட்டா, எல்லா நேரமும் எல்லாம் வெச்சிருக்கிற கடைக்குத்தான் போக வேண்டி வரும். எல்லா நேரமும் எல்லாம் இருக்குன்னா பாதி ஃப்ரீசர்ல இருக்குன்னு அர்த்தம். சீக்கிரம் தீர்ற கடையில வயித்துக்கும் பயம் குறைவு. சமைச்சது சூடு ஆறுறதுக்குள்ள போயிடும். (கல்லாவுக்குப் பின்னாடி சுவத்துல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் மாட்டியிருக்கான்னும் ஒரு பார்வை பாத்துக்கோங்க. இல்லாத நல்ல கடையும் உண்டு. இருந்தும் சுமாரான கடையும் உண்டு.)

அடுத்தது, அந்த ஊர்ல என்ன விசேஷம்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிறது. நம்ம ஏரியாவுக்கு வசதியான லேப் பெங்களூரு ரோடுதான். பூந்தமல்லியில பஸ் ஏறினா மூணு, நாலு மணி நேரத்துக்குள்ள மூணு ஊரோட ருசி அந்த ஒரே ரோட்டுல வருது. முதல்ல காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோவில் இட்லிக்கு மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்ட மாவு. மூங்கில் குடலைக்குள்ள மந்தாரை இலை வெச்சு, அதுல மாவை ஊத்தி மணிக்கணக்கா வேக வைப்பாங்க. நம்ம தட்டு இட்லி மாதிரி பஞ்சா இருக்காது, கெட்டியா, வாசனையா இருக்கும். 'அங்க வர்றது எல்லாம் வெளியூர் பக்தர்கள்தானே, உன் தியரி உதைக்குதே'ன்னு என் நண்பன் மடக்கினான். யோசிச்சுப் பாத்தேன். அது பெருமாளுக்கு நைவேத்தியம். தினமும் தவறாம வர்ற கஸ்டமர் அவர்தான்!

அப்புறம் பாலாற்றங்கரையில ஆற்காடு. அங்க மக்கன் பேடா. பாக்க குலாப் ஜாமூன் மாதிரி, கடிச்சா உள்ள முந்திரி, திராட்சை. அதைத் தாண்டி வேலூர் வழியா ஆம்பூர். ஆம்பூர் பிரியாணிக்கும் திண்டுக்கல் பிரியாணிக்கும் ரெண்டுலயும் சீரகச் சம்பா அரிசிதான், ஆனா ருசி வேற. ஆம்பூர்ல காய்ஞ்ச மிளகாயை ஊற வெச்சு அரைச்ச விழுது. அரிசியைத் தனியா வேக வெச்சு வடிச்சு, கறி மசாலாவோட சேர்த்து தம் போடுவாங்க. மசாலா அடக்கமா இருக்கும். பக்கத்துல எண்ணெய்க் கத்திரிக்காய். ஆற்காடு நவாப் காலத்துச் சமையல்காரங்க வழியா வந்ததுன்னு ஊர்ல சொல்லுவாங்க. ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல், ஷூ தொழில் ஊர்கள். மதியம் பசியோட வர்ற கூட்டம் உள்ளூர்லயே இருக்கு. அதனாலதான் ஹைவேயில 'ஆம்பூர் பிரியாணி' போர்டு பாத்து இறங்குறதைவிட, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஊருக்குள்ள நடந்து தேடுங்கன்னு சொல்றேன். 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டும் அப்படித்தான். பித்தளை டவரா, டம்ளர் எங்க வேணா வாங்கலாம். கலப்படம் இல்லாத பாலும் அப்போ இறக்கின டிக்காஷனும் இல்லன்னா அது வெறும் பித்தளை.

ஊருக்குள்ள போயாச்சு. யாரைக் கேக்கிறது? 'இங்க நல்ல ஹோட்டல் எது?'ன்னு கேட்டா, நம்ம ஷூவைப் பாத்துட்டு ஏசி ஹோட்டலைக் காட்டுவாங்க. நம்மளை கௌரவமா நடத்துறதா நினைச்சுத்தான் அப்படிச் செய்றாங்க. கேள்வியை மாத்துங்க: 'அண்ணா, நீங்க மதியம் எங்க சாப்பிடுவீங்க?' மெடிக்கல் ஷாப், ஜெராக்ஸ் கடை, பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் இவங்கதான் என் ஆளுங்க. யாரும் கிடைக்கலன்னா கோர்ட், தாலுகா ஆபீஸ், அரசு ஆஸ்பத்திரி, காய்கறி மார்க்கெட், இதுல ஏதாவது ஒண்ணு எங்கன்னு கேட்டு அந்தத் தெருவுக்குப் போங்க. தினமும் அங்கேயே வேலை பாக்கிறவங்க இருக்கிற இடத்துல ஒரு மெஸ்ஸாவது தேறும்.

இதே கணக்கு இத்தாலிக்கும் பொருந்துது. புகழ்பெற்ற சர்ச் வாசல்லயே, அஞ்சு மொழியில போட்டோ மெனு வெச்சு, வாசல்ல ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கூப்பிடுற ரெஸ்டாரன்ட் அவங்க ஊரு மோட்டல். நாலு தெரு தள்ளி, மதியம் ரெண்டரை மணிக்கு ஷட்டரை இறக்கி ராத்திரி ஏழரைக்குத் திறக்கிற கடை அவங்க மெஸ். காபிக் கடையில கவுண்டர்ல நின்னு குடிச்சா ஒரு விலை, மேஜையில உக்காந்தா அதைவிட அதிகம். ஊர்க்காரங்க நின்னுதான் குடிப்பாங்க, நம்ம டீக்கடை மாதிரியே. 1986-ல ரோம் நகரத்துல ஸ்பானிஷ் படிக்கட்டு பக்கத்துல மெக்டொனால்ட்ஸ் வந்தப்போ பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. அந்த எதிர்ப்புல இருந்து கார்லோ பெத்ரினி தொடங்கினதுதான் 'ஸ்லோ ஃபுட்' இயக்கம். அவங்க 1990-லிருந்து வெளியிடுற வழிகாட்டிப் புத்தகத்துல ஸ்டார் ஹோட்டல்களைத் தேடாம, உள்ளூர்ச் சமையல் செய்ற எளிமையான 'ஓஸ்தேரியா' கடைகளைத் தேடித் தேடிச் சேத்திருக்காங்க. நம்ம ஊர் மெஸ்களுக்கு அப்படி ஒரு புத்தகம் வந்தா முதல் காப்பி நான் வாங்குவேன்.

இதை வகுப்புல பேசினப்போ ஒரு தோழி கேட்ட கேள்விக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. "நீ சொல்ற டீக்கடை, மார்க்கெட் மெஸ் எல்லாத்துலயும் நூறு ஆம்பளைங்க நிப்பாங்க. நாங்க எப்படிப் போய் உக்கார்றது?" உண்மைதான். அவங்க வழக்கம் வேற. குடும்பமா நடத்துற, ஒரு அக்காவோ அம்மாவோ பரிமாறுற கடையாப் பாத்துப் போவாங்களாம். ஆஸ்பத்திரி பக்கத்துல நர்சுங்க சாப்பிடுற இடம் எதுன்னு விசாரிப்பாங்களாம். இதுவும் தினமும் வர்றவங்க கணக்குதான், ஆனா எனக்குத் தோணவே இல்ல.

பெங்களூர்ல இருந்து திரும்பும்போது கிருஷ்ணகிரி பக்கத்துல பஸ் பஞ்சர். ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க. அந்த நண்பனையும் சேத்து நாங்க ஆறு பேர் ஊருக்குள்ள நடந்தோம். ஜெராக்ஸ் கடை அண்ணா கைகாட்டின வீட்டுல போர்டுகூட இல்ல. திண்ணையில செருப்பு குவிஞ்சு கிடந்தது. சாப்பாடு 70 ரூபாய். கீரை மசியல், கொள்ளு ரசம், முருங்கைக்காய் சாம்பார். ரசத்தை நண்பன் மூணு தடவை கையில வாங்கிக் குடிச்சான். "போதுமா தம்பி, இன்னும் சோறு போடவா"ன்னு அந்த அக்கா கேக்கக் கேக்க அவன் தலையை மட்டும் ஆட்டிட்டு இருந்தான்.

வெளிய வந்து நான் போனை எடுத்து வீட்டு வாசலை போட்டோ எடுக்கப் போனேன். அக்கா பாத்துட்டாங்க. "போட்டோ எல்லாம் வேணாம் தம்பி. நான் அறுபது பேருக்குத்தான் சமைக்கிறேன். நீங்க ஆறு பேர் வந்ததுக்கே கடைசியில வர்ற ரெண்டு ஆபீஸ் சாருக்கு ரசம் பத்துமான்னு தெரியல."

போனை உள்ள வெச்சுட்டேன். அதனால அந்தத் தெரு பேர் இந்தக் கட்டுரையில இல்ல. கிருஷ்ணகிரியில இறங்கினா ஜெராக்ஸ் கடையில கேளுங்க.