குதிரை கனைத்தது எப்படி?

கே: ‘கிரேஸி ஹார்ஸஸ்’ என்ற பழைய ஆங்கிலப் பாட்டில் குதிரை கனைக்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறதே, நிஜக் குதிரையா? பாட்டில் சொல்லும் குதிரைகள் எவை?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

ப: குதிரையும் இல்லை, பலர் நினைப்பதுபோல் கிதாரும் இல்லை. அது யமாஹா ஆர்கன். கட்டைகளோடு ஒரு நீளப் பட்டையும் அதில் உண்டு. அதன்மேல் விரலை வைத்து இழுத்தால் சுரம் வழுக்கிக்கொண்டே ஏறும். வீணைக்காரர்கள் ஜாரு என்பார்களே, ஏறக்குறைய அதுதான். அந்த ஒலியை ‘வா-வா’ பெடல் வழியாக அனுப்பினால் கனைப்பு தயார். இழுத்த விரல் டானி ஆஸ்மண்டுடையது. பாட்டு வந்த 1972-இல் அவருக்கு வயது 14.

இந்தப் பாட்டைப் பாடிய ஆஸ்மண்டுகள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து அண்ணன் தம்பிகள். ஆண்டி வில்லியம்ஸின் டி.வி. நிகழ்ச்சியில் சின்னப் பிள்ளைகளாகப் பாடிப் பேர் வாங்கியவர்கள். 1971-இல் ‘ஒன் பேட் ஆப்பிள்’ அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. பல்வரிசை தெரியச் சிரிக்கும் நல்ல பிள்ளைகள் என்ற அந்த முத்திரை அவர்களுக்கே சலித்திருக்க வேண்டும். ஆலன், மெரில், வெய்ன் மூவரும் உட்கார்ந்து முரட்டு ராக் பாட்டு ஒன்றை எழுதினார்கள். சரணங்களை டிரம்ஸ் வாசிக்கும் ஜே பாடினார். கரகரப்பான அந்தக் குரல்தான் பாட்டுக்குப் பொருந்தியது.

குதிரைகள் என்றால் கார்கள். எஞ்சின் பலத்தைக் குதிரைத்திறன் என்றுதானே சொல்கிறோம்? ஃபோர்டு கம்பெனியும் அப்போது மஸ்டாங், பின்டோ என்று குதிரைப் பெயர்களில்தான் கார் விற்றுக்கொண்டிருந்தது. அவை கக்கும் புகையைத்தான் பாட்டு திட்டுகிறது. முதல் பூமி நாள் கொண்டாடி இரண்டே வருடம் ஆகியிருந்த நேரம் அது.

வேடிக்கை இனிமேல்தான். ‘ஹார்ஸ்’ என்பது ஹெராயினுக்கு வழங்கிய கொச்சைப் பெயர். பாட்டில் புகை வேறு வருகிறது. போதைப் பாட்டு என்று தென்னாப்பிரிக்காவில் தடை போட்டுவிட்டார்கள்! ஆஸ்மண்டுகளோ மார்மன் மதத்தினர். மதுவும் புகையும் இருக்கட்டும், டீ, காபிகூட அந்த மதத்தில் ஆகாது.

என்னைக் கேட்டால், அவர்கள் பாடியதிலேயே உருப்படியான பாட்டு இதுதான். அமெரிக்காவில் 14-ஆம் இடத்தோடு நின்றுபோனது. பிரிட்டன்காரர்கள்தான் 2-ஆம் இடம்வரை ஏற்றிவிட்டார்கள்.