ஏழை வீட்டு அடுப்பும் நம் அறிவுரையும்

சத்துணவு விளக்கம், சமையல் பயிற்சி என்று ஏழைக் குடும்பங்களுக்கு உதவப் போகிறவர்கள் பலர். அவர்கள் கையோடு கொண்டுபோகும் தவறான எண்ணங்களும் உண்டு. போகிற வீடுகளில் காத்திருப்பவையும் உண்டு. அவற்றில் ஐந்து இங்கே.

நம்பிக்கை: அரிசி இலவசம். தமிழ்நாட்டில் இனி யாருக்கு உணவுப் பஞ்சம்?

உண்மை: 2011 முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசி தணிந்தது, சத்துக்குறை தீரவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம். கையில் காசு குறைந்தால் சோறு குறைவதில்லை. காயும் பருப்பும் முட்டையும்தான் குறைகின்றன.

நம்பிக்கை: சத்து என்றால் ஆப்பிளும் பாதாமும் டப்பாவில் வரும் பானமும்.

உண்மை: ஆப்பிளைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் தாராளம். ஆகவே பருப்புச் சோறு நல்ல சேர்க்கை. ரேஷன் துவரம்பருப்பைத் தவறாமல் வாங்கச் சொல்லலாம்.

நம்பிக்கை: தினம் கீரை தின்றால் போதும், இரத்தம் ஊறிவிடும்.

உண்மை: கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. ஈரல், இறைச்சி, மீனில் உள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். இரத்தசோகை உறுதியானால் கீரையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம்.

நம்பிக்கை: ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள்.

உண்மை: களையும்போது மிதக்கும், நிறம் சற்று மாறுபட்ட அந்த மணிகள் செறிவூட்டிய அரிசி. அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்தவை. 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலக்கப்பட்டவை. பொறுக்கி எறிந்தால் போவது சத்துதான்.

நம்பிக்கை: ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை, கற்றுக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: அன்றாடக் கூலியில் வாழ்பவர் எண்ணெயையும் பருப்பையும் பொட்டலமாக வாங்குகிறார், அதற்கு விலையும் பெரும்பாலும் கூடுதல். சிலிண்டர் தீர்ந்துவிடுமே என்ற கவலை வேறு. வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணிடம் நாலு வகைக் கூட்டு, பொரியல் செய்யச் சொல்வதில் பயனில்லை. அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை மூன்றையும் ஒரே குக்கரில் வேகவைப்பது அவருக்கு உதவும். பயறு, கடலையை ஊறவைத்து வேகவைத்தால் எரிவாயு மிஞ்சும். கஞ்சியை வடித்துக் கொட்டாமலிருந்தால் பி வைட்டமின்கள் மிஞ்சும். ஆனால் எந்தச் சமையல் திறமையும் வராத கூலிக்கு ஈடாகாது.

ஆகவே, பயிற்சி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் என்ன இருக்கிறது, அடுப்பு எது, நேரம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அந்தப் பொருளை வைத்து, அந்த அடுப்பிலேயே சமைத்துக் காட்டுங்கள். அங்கன்வாடி சத்துமாவு, பள்ளியில் காலை உணவு, மதிய முட்டை என்று அந்தக் குடும்பத்துக்கு உரிமையாக வரவேண்டியவை வந்துசேர்கின்றனவா என்றும் பாருங்கள்.