கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டும் முறை

ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், பள்ளிப்பட்டு பக்கம் கொசஸ்தலை ஆறு செந்நிறமாக ஓடும். அப்படிப்பட்ட மழை நாட்களில் ஆர்.கே.பேட்டையில் கிணற்றுத் தண்ணீர் கலங்கினால், வடிகட்டத் துணிக்குப் பஞ்சமில்லை. தறி ஓடும் ஊர். ஆனால் தறியிலிருந்து இறங்கிய புதுத்துணியை எடுக்காதீர்கள். பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் இருக்கும், சாயமும் இறங்கும். பல வருஷம் துவைத்து நைந்த வெள்ளைப் பருத்தி வேட்டிதான் சரி. துவைக்கத் துவைக்க நூலில் பஞ்சு எழும்பி, இழைகளுக்கு நடுவில் உள்ள கண் சிறுத்துவிடும்.

எடுத்த எடுப்பில் துணியில் ஊற்றினால் சேறு அடைத்துக்கொள்ளும். முதலில் ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அப்படியும் தெளியாவிட்டால், மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நன்றாக உரசிவிட்டு அதில் தண்ணீரை ஊற்றுங்கள். கொட்டையிலிருந்து இறங்கும் சத்து மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். கனத்துப்போய் அவை அடியில் படியும்.

தண்ணீர் தெளிந்ததும் வேட்டித் துண்டை மூன்று முறை மடியுங்கள், எட்டு அடுக்கு வரும். சுத்தமான குடத்தின் வாயில், நடுவில் கொஞ்சம் குழிவாக விட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் சொம்பில் மொண்டு நிதானமாக ஊற்றுங்கள். சொட்டுவது மெதுவாக இருக்கிறதே என்று துணியைப் பிழியக் கூடாது; பிடிபட்ட அழுக்கெல்லாம் குடத்துக்குள் இறங்கிவிடும். மேல்பக்கம் எதுவென்று தெரிய மூலையில் ஒரு தையல் போட்டுவையுங்கள், எப்போதும் அந்தப் பக்கமே மேலே இருக்கட்டும். வேலை முடிந்ததும் அலசி, நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

பழந்துணிதானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். வங்கதேசத்தின் மட்லாப் பகுதியில் 65 கிராமங்களில் நடந்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. பழைய சேலையை மடித்து வடிகட்டிய வீடுகளில் காலரா சுமார் 48 சதவீதம் குறைந்திருந்தது. காலராக் கிருமி துணியின் கண்ணைவிடச் சிறியது. ஆனால் அது ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள் துணியில் சிக்கிக்கொள்கின்றன.

மீதிப் பாதி நோய் நிற்கவில்லை என்பதையும் பாருங்கள். ஆகவே வடிகட்டிய தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்த பிறகே குடியுங்கள். உப்பு, ஃப்ளோரைடு போலக் கரைந்திருப்பவை துணியிலும் நிற்காது, கொதித்தாலும் போகாது. அந்தச் சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.