படைவீரர் மனைவி தெரிந்துகொள்ள வேண்டியவை

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ராணுவக் காகிதங்கள் எல்லாம் கணவரின் டிரங்குப் பெட்டியில் இருக்கும். மனைவி அதைத் திறந்து பார்த்திருக்கவே மாட்டார். வேலைக்கு மனுப் போடும்போதோ, பென்ஷன் கேட்கும்போதோதான் முதல் முறையாகத் திறப்பார். பெயரில் உள்ள சிக்கலும் அப்போதுதான் தெரியவரும்.

ஜவானுக்குத் திருமணம் நடந்தாலும் குழந்தை பிறந்தாலும் அவருடைய யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' வெளியிட வேண்டும். அதன் மூலம்தான் அந்த விவரம் ரெக்கார்டு ஆபீசில் ஏறும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அந்த அலுவலகம் நீலகிரி வெலிங்டனில் உள்ளது. கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் அங்கே செல்லாது.

இதில் தமிழர்களுக்கென்று தனிச் சங்கடம் ஒன்று இருக்கிறது. நமக்கு இருப்பது இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. கந்தசாமியின் மகள் செல்வி, முருகனை மணந்தார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் கே. செல்வி. ஆதாரில் எம். செல்வி. சர்நேம் கேட்ட வடநாட்டுக் குமாஸ்தா படிவத்தில் எழுதியதோ செல்வி முருகன். நமக்கு ஒரே செல்விதான், கணினிக்கு மூன்று பேர்! ராணுவ ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறையில் வழங்கப்படுகிறது. அங்கே பெயரோ பிறந்த தேதியோ பொருந்தாவிட்டால் பணம் தாமதமாகும். கணவர் பணியில் இருக்கும்போதே உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, யூனிட் வழியாகத் திருத்திக்கொள்வது எளிது. அவர் இல்லாத காலத்தில் ஒரு பெண் தனியாக இதற்கு அலைவது மிகக் கொடுமை.

குடும்ப ஓய்வூதியத்தின் அளவையும் அறிந்திருக்க வேண்டும். வீரர் பணியில் இருக்கும்போது இறந்தால் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் 10 ஆண்டுகளுக்கும், பிறகு 30 சதவீதமும் கிடைக்கும். முன்பு இந்த 50 சதவீதத்துக்கு 7 ஆண்டு சர்வீஸ் வேண்டும் என்றிருந்தது. 1-10-2019 முதல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ராணுவப் பணியே மரணத்துக்குக் காரணம் என்றால் 60 சதவீதம். போர்முனையில் உயிர்நீத்தால் கடைசிச் சம்பளம் முழுவதும் ஓய்வூதியமாகும். "நான் வேலைக்குப் போனால் இது நின்றுவிடுமா?" என்று கேட்டுப் பல சகோதரிகள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நிற்காது. வருமான வரம்பு விதவைக்குப் பொருந்தாது.

வேலை மனுவில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. 'எக்ஸ்-சர்வீஸ்மென்' கட்டத்தில் மனைவிமார் டிக் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒதுக்கீடு படையில் பணிபுரிந்தவருக்கு உரியது. மனைவி டிக் போட்டால், சான்றிதழ் சரிபார்க்கும்போது மனு தள்ளுபடியாகும். விலக்கு ஒன்று உண்டு. வங்கிகளிலும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிலும் கீழ்நிலைப் பணிகளுக்கான ஒதுக்கீட்டில் 4.5 சதவீதம், ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கும் போரில் மடிந்தவர்களைச் சார்ந்தோருக்கும் சேர்த்து உள்ளது. தவிர, மறுமணம் செய்யாத விதவைகள் யாராயினும் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு 35 வயது வரை மனுச் செய்யலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 40 வயது வரை.

பணியில் இறந்த வீரரின் மனைவி பட்டதாரியானால், தானே ராணுவ அதிகாரியாகவும் வழி இருக்கிறது. வயது வரம்பு 35. எழுத்துத் தேர்வு கிடையாது, எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வு உண்டு. இடங்கள் மிகக் குறைவு. 2015 நவம்பரில் குப்வாராவில் வீரமரணம் அடைந்த கர்னல் சந்தோஷ் மஹாதிக்கின் மனைவி ஸ்வாதி மஹாதிக், 2017 செப்டம்பரில் சென்னைப் பயிற்சிக் கழகத்திலிருந்து அதிகாரியாக வெளிவந்தார். இரண்டு குழந்தைகளின் தாய் அவர்.

ஊர் ஊராக மாற்றலாகும் குடும்பத்துக்கு ஆர்மி பப்ளிக் பள்ளி ஆசிரியர் வேலை ஏற்றது. பி.எட். முடித்து, ராணுவ நலக் கல்விச் சங்கத்தின் தகுதித் தேர்வை எழுத வேண்டும். அந்த மனுவிலும் முதலில் கேட்பது பெயர்தான். கே. செல்வியா, எம். செல்வியா என்று அதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

கணவர் ஓய்வு பெற்றதும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாநில அரசு தரும் உதவிகள் இந்தப் பதிவைப் பொறுத்தவை. எனவே இங்கேயே தங்குவதா, ஊர் திரும்புவதா என்று குடும்பத்தில் கலந்து பேசிவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு ஊர் மாறினால் பதிவையும் மாற்றிக்கொள்ளலாம்.