சலவை யந்திரமும் நிலத்தொடர்பும்

பெரம்பலூர், அரியலூர் என்னும் இரு மாவட்டங்களிலும் துணி வெளுக்கும் யந்திரம் இந்நாளில் செல்வர் மனைக்கே உரிய பொருளன்று. பருத்தியும் மக்காச்சோளமும் விளைக்கும் உழவர் வீட்டுப் பின்தாழ்வாரத்திலும் அது நிற்கக் காண்கின்றோம். 1767-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ரேகன்ஸ்பர்க் நகரில் யாக்கோபு கிறிஸ்தியான் ஷேபர் என்னும் போதகர், துணி துவைக்கும் பொறியொன்றை விவரித்து நூல் வெளியிட்டார். அது கையாற் சுழற்றும் தொட்டி. மிஞ்சினால் விரல் நசுங்கும். இன்றைய பொறியோ நீரையும் மின்சாரத்தையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது. ஆதலின் அதனை வீட்டில் நாமே நிறுவப் புகுமுன் அறியத்தக்கன சில உள.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் வினவலாம். விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவனை, "நீதான் படித்த பிள்ளையாயிற்றே, இதைக் கொஞ்சம் மாட்டிக்கொடு தம்பி" என்று வீட்டார் ஏவுங்கால், அவன் படிப்பது பௌதிகமோ தொல்காப்பியமோ என்று எவரும் ஆராய்வதில்லை.

நிறுவுதலிற் பெரும்பகுதி எளிதே. முன்புறம் கதவுடைய யந்திரம் அறுபது, எழுபது கிலோ நிறையுடையதாகலின் இருவராகத் தூக்குக. உட்தொட்டி அசையாதவாறு வழிப்பயணத்துக்கென இறுக்கிய நீண்ட போல்ட்டுகள் பின்புறத்தே இருக்கும். அவற்றைக் கழற்றாது ஓட்டினால் யந்திரம் குதித்து நடக்கத் தொடங்கும். கழற்றியவற்றை எறிந்துவிடாது வைத்துக்கொள்க. வீடு மாறுங்கால் வேண்டப்படும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி மேலே வைத்து நான்கு கால்களையும் திருகிச் சமன் செய்க. கழிவுநீர்க் குழாயைக் கயிற்றாற் பிணித்தல் நன்று. அது துள்ளி விழுமாயின் தரையெல்லாம் ஈரமாகும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்றலே பின்னர் யாம் கூறப்போகும் தீங்குக்குப் பாதி வழி.

இனி, இந்நிலத்துக்குச் சிறப்பாக உரிய செய்திக்கு வருவோம். அரியலூர்ப் பகுதி ஏறத்தாழப் பத்துக்கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் கிடந்தது. அக்கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல்லே இன்று அங்குள்ள சிமெண்டு ஆலைகட்கு உணவு. அக்கல்லினூடே ஊறிவரும் ஆழ்துளைக் கிணற்று நீர் சுண்ணம் கலந்த கடுநீராகும். வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியிற் படியும் வெண்பொருக்கை வீட்டுப் பெண்டிர் நன்கறிவர். அதே பொருக்கு யந்திரத்தினுள் நீரைச் சூடாக்கும் கம்பியின்மேலும் படிகின்றது. படியவே, அக்கம்பி தன் வெப்பத்தை நீருக்கு எளிதில் விடமாட்டாது தானே மிகக் காய்ந்து, நாளடைவில் அதன் உறை வெடிக்கும். வெடிப்பின் வழியே மின்சாரம் நீரிலும், அங்கிருந்து யந்திரத்தின் இரும்புடலிலும் புகும். அவ்வுடலை ஒருவர் ஈரக்கையால் தொடுவாராயின் நிகழ்வது யாது? நனைந்த மேனியின் தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டு அழுத்தம் 0.23 ஆம்பியர் மின்னோட்டத்தை அவரூடே செலுத்தும். உயிரைப் போக்க இது போதும். 16 ஆம்பியர் தாங்கும் பியூஸுக்கோ இஃது ஒரு பொருட்டன்று; அது வாளா இருக்கும்.

இத்தீங்கைக் காக்கவே மும்முனைப் பிளக்கில் நீண்டு பருத்த மேல்முனை அமைந்தது. எர்த்து என்று மின்பணியாளர் வழங்கும் நிலத்தொடர்பு இதுவே. சாக்கெட்டில் முதலிற் சேர்வதும் கடைசியிற் பிரிவதும் இம்முனையாதற்பொருட்டே அதனை நீளமாக்கினர். ஆயினும் யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு: நிலத்தொடர்பு இல்லாமலே யந்திரம் குறைவற ஓடும். விளக்கெரியும், தொட்டி சுழலும், துணி வெளுக்கும். ஓடுகின்றதென்பதால் தீங்கில்லை என்று முடிவு கட்டுதல் தவறு. மூன்று முனைகளில் இரண்டே வேலை செய்ய, மூன்றாவது ஒன்றோடும் இணையாது சுவருக்குள் முடிந்துபோன பழைய வீடுகள் உள.

இக்குறையை மறைக்கக் கையாளும் உபாயங்கள் குறையினுங் கொடியவை. சாக்கெட்டினுள்ளே நியூட்ரல் கம்பியையும் எர்த்து முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைப்பது அவற்றுள் ஒன்று. வெளியே நியூட்ரல் கம்பி ஒருநாள் அறுந்துபோமாயின், பழுதே இல்லாத யந்திரத்தின் உடலிலும் மின்சாரம் ஏறி நிற்கும். தண்ணீர்க் குழாயோடு கம்பியைச் சுற்றுவது மற்றொன்று. குழாய் இரும்பாயிருந்த காலத்திலேயே அது நம்பத்தக்கதன்று, பிளாஸ்டிக்குக் குழாய் வந்தபின் பயனும் அற்றது. பல்பு கொண்டு சோதித்தலும் போதாது. நூறு வாட்டுப் பல்பின் தடை 500 ஓமுக்கு மேற்பட்டது. அதனோடு நிலத்தின் தடை 30 ஓம் சேர்ந்தாலும் ஒளிக்குறைவு கண்ணுக்குப் புலனாவதரிது. அந்த 30 ஓம் தடையிலோ, பழுது நேருங்கால் எட்டு ஆம்பியரும் ஓடாது, பியூஸும் உருகாது.

நிலத்தின் தடை மண்ணைப் பொறுத்தது. இவ்வட்டாரக் கரிசல்மண் நனைந்தபோது மின்சாரத்தை எளிதில் ஏற்கும்; கோடையில் வெடித்துப் பிளந்து, புதைத்த குழாயை விட்டு விலகிவிடும். பச்சைமலையடிவாரத்துப் பாறை நிலத்திலோ குழாயை வேண்டிய ஆழம் இறக்குதலே அரிது. ஆகவே கரியும் உப்பும் இட்ட எர்த்துக் குழியில் வேனிற்காலத்தில் நீர் ஊற்றி வருதல் வேண்டும். அதன் தடையைக் கருவி கொண்டு அளத்தல் மட்டும் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளர்க்கு விடத்தக்கது. மற்ற வேலைகளை நாம் செய்யலாம். இதனை நாம் செய்யலாகாது.

அவர் வரும்பொழுதே வெந்நீர்க் கம்பி தாங்குதற்குரிய 16 ஆம்பியர் சாக்கெட்டையும், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. என்னும் சுவிட்சையும் அமைக்கச் சொல்லுக. முற்கூறிய 0.23 ஆம்பியர் ஒருவரூடே பாயுமாயின், நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். நல்ல நிலத்தொடர்பும் உடனிருப்பின், எவரும் தொடுமுன்னரே துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அடிக்கடி விழுகின்றதென்று சினந்து அதனை விலக்கி நேரே கம்பி கொடுப்பாரும் உளர். அங்ஙனம் விழுமாயின் யந்திரத்தின் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுவிட்சை மீண்டும் ஏற்றிப் பார்க்க. விழாது நிற்குமாயின் பழுது யந்திரத்தினுள்ளது. கடுநீர் வழங்கும் ஊராயின், வெண்பொருக்கு மூடிய அவ்வெந்நீர்க் கம்பியை முதலிற் பார்க்கச் சொல்லுக.