கொடியும் முத்திரையும் – ஒரு பார்வை



ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் என்று எந்தக் காகிதத்தைப் புரட்டினாலும் வட்டமாக ஒரு முத்திரை இருக்கிறது. நடுவிலே கோபுரம், முன்னால் சிங்கம், இரண்டு பக்கமும் கொடி. எத்தனையோ தடவை கையில் வாங்கியிருக்கிறோம். ஒரு தடவையாவது, இதை யார் வரைந்தது, ஏன் இப்படி வரைந்தார்கள் என்று கேட்டிருக்கிறோமா? எஞ்சினியரிங் டிராயிங்கில் ஒரு கோட்டின் தடிமன் மாறினாலே அர்த்தம் மாறிவிடும் என்று படிக்கிறவர்கள் நாம். அதே கண்ணோடு கொடிகளையும் முத்திரைகளையும் பார்த்தால் என்ன என்ற எண்ணத்தில் எழுந்ததே இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அவருக்கு எழுத்துதான் தெரியாது, சின்னம் நன்றாகவே தெரியும். வலையை விட்டதும் அதன் முனையில் மிதவை கட்டி, மிதவையில் ஒரு மூங்கில் கழி நிறுத்தி, கழியின் நுனியில் துணிக்கொடி கட்டுவார்கள். தூரத்தில் அலை ஏறி இறங்கும்போதே, "அது நம்ம வலை, அந்தப் பக்கம் கிடக்கிறது பாம்பன்காரங்க வலை" என்று கொடியைப் பார்த்துச் சொல்லிவிடுவார். "ஏம்ப்பா கறுப்புத் துணியாவே கட்டுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "வெள்ளை கட்டுனா நுரையோட நுரையாப் போயிரும்டா. கறுப்புதான் கண்ணுல குத்தும்" என்றார்.

இது சாதாரணப் பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் கேடயச் சின்னங்களுக்கென்று ஒரு தனி சாஸ்திரமே 12ஆம் நூற்றாண்டு முதல் வளர்ந்திருக்கிறது. அதன் முதல் விதி நிறத்தைப் பற்றியது. பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், ஒரு கட்சி. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை எதிர்க்கட்சி. ஒரே கட்சி நிறங்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்கக் கூடாது. வைத்தால் போர்க்களத்தில் தூரத்திலிருந்து தெரியாது. அப்பா சொன்னதும் இதேதான். அவரிடம் புத்தகம் இல்லை, அவ்வளவே.

நம் கரைக்குப் பழைய சின்னம் மீன். பாண்டியர் காசுகளிலும் முத்திரைகளிலும் கயல் இருக்கிறது. முத்துக்குளித்த கடலை ஆண்டவர்களுக்கு மீனைவிடப் பொருத்தமான சின்னம் ஏது? ஆனால் அந்த மீன் வேறொருவர் முத்திரைக்குள் போய் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905இல் கிடைத்தன. அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கிறது. கூடவே பாண்டியரின் இரண்டு மீன், சேரரின் வில், மேலே குடை. மூன்று பேரும் சமம் என்பதற்காக அப்படிப் போடவில்லை. பெரிதாக உட்கார்ந்திருப்பது புலிதான். தோற்றவனின் சின்னத்தைத் தன் சின்னத்துக்குள் அடக்கிக்காட்டுவது வென்றவனின் வழக்கம். ஒரு முத்திரையில் என்ன இருக்கிறது என்பதோடு, எது பெரிது, எது நடு, எது ஓரம் என்றும் பார்க்க வேண்டும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இனி, இராமேஸ்வரத்துக்காரன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்திக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளில் ஒரு பக்கம் மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி. நந்திக்குக் கீழே தமிழில் ஒரே ஒரு சொல்: 'சேது'. நம்ம சேதுதான்! அரசனின் பெயரைப் போடவேண்டிய இடத்தில் நம் கரையின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். இலங்கையில் கேகாலைப் பக்கம் கிடைத்த கொட்டகமக் கல்வெட்டும் 'சேது' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அந்த அரச பரம்பரை இராமேஸ்வரத்தோடு தொடர்புடையது என்பது மரபு. சேதுவைக் காப்பவர் என்ற பொருளில் 'சேதுகாவலன்' என்ற பட்டமும் அவர்களுக்கு உண்டு. இந்தக் காசுகளை முதலில் ஆராய்ந்தவர்கள் இவை இராமநாதபுரம் சேதுபதிகளுடையவை என்றே நினைத்தார்கள். பிறகுதான், நந்தி யாழ்ப்பாண அரசர்களின் சின்னம், காசின் அமைப்பும் இலங்கைக் காசுகளோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து அவர்களுக்கு உரியவை என்று முடிவு செய்தார்கள். எழுத்தை மட்டும் படித்தவர்களுக்கு இராமநாதபுரம் தெரிந்தது. படத்தையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு யாழ்ப்பாணம் தெரிந்தது.

சேதுபதிகளின் கொடியில் பறந்தது அனுமன். மதுரை நாயக்கர் காலத்தில், 1605இல் சடைக்கத் தேவரிடமிருந்து தொடங்குகிறது சேதுபதிகளின் வரிசை. அவர்களுடைய செப்பேடுகளில் வரும் நீண்ட விருதுப்பெயர்களில் அனுமக்கொடி உடையவன், கருடக்கொடி உடையவன் என்ற பொருள் தரும் பெயர்களும் உண்டு. பாரதப் போரில் அருச்சுனன் தேரிலும் அனுமக்கொடிதான். என்றாலும் சேதுக்கரையில் நின்று அனுமனைக் கொடியில் ஏற்றுவதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது. இலங்கைக்குக் கடலைத் தாண்டியவனும், அணை கட்டக் கல் சுமந்த கூட்டத்தில் முதல்வனும் அவன்தானே. சிவில் துறை நண்பர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்ச்சுகீசியரிடம் விழுந்தது. அதற்கு முன்பே அவர்கள் நம் கரைக்கும் வந்துவிட்டார்கள். மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் அவர்களுக்குக் கோட்டை இருந்தது. அதே போர்ச்சுகீசியர்தான் கடல் தாண்டி பிரேசிலுக்கும் போனார்கள். தங்கள் நாட்டுக் கேடயச் சின்ன வழக்கத்தையும் அங்கே விட்டுவிட்டு வந்தார்கள். இன்று பிரேசிலில் சின்னஞ்சிறு ஊராட்சிக்குக்கூடத் தனிக் கொடியும் கேடயமும் உண்டு. அவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைப்பு. கேடயத்தின் தலையில் கோட்டைச்சுவர் போன்ற கிரீடம், இரண்டு பக்கமும் அந்த ஊரில் விளையும் பயிரின் கிளை, கீழே நாடாவில் ஊர்ப்பெயரோ ஆண்டோ ஒரு வாசகமோ. சாவோ பாவுலோ நகரத்தின் சின்னம் 1917இல் ஏற்கப்பட்டது. அதன் இரண்டு பக்கமும் காப்பிச் செடிக் கிளைகள். நடுவே கொடி பிடித்த கவசக் கை. நாடாவில் இருக்கும் லத்தீன் வாசகத்துக்கு, 'என்னை யாரும் நடத்துவதில்லை, நான்தான் நடத்துகிறேன்' என்று பொருள். கொஞ்சம் தலைக்கனம்தான்! ஆனால் காப்பி வியாபாரத்தால் வளர்ந்த ஊர் காப்பிக் கிளையை மறைக்காமல் போட்டதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நம்ம ஊருக்கு இப்படி வரைந்தால் கிளைக்குப் பதில் பனை ஓலை வைக்கலாம்.

இப்போது நம் மாநில முத்திரைக்கு வருவோம். வரைந்தவர் மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ். 1949இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் வந்தது. கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையது என்று பாடப்புத்தகம் படித்த எல்லோரும் சொல்வார்கள். மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் அப்பத்தாவைக் கேட்டால், "நம்ம ராமநாதசாமி கோபுரம்தான், வேற எது?" என்று முடித்துவிடும். என் கருத்தில், வரைந்தவர் எந்தக் கோபுரத்தைப் பார்த்திருந்தாலும் அதிலிருந்து வேண்டாத விவரங்களைக் குறைத்துக்கொண்டே போய், தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரனும் தன் ஊர்க் கோபுரம் என்று நினைக்கும்படி ஆக்கிவிட்டார். முத்திரைக்கு அதுதான் வெற்றி.

கோபுரத்துக்கு முன்னால் சாரநாத்தில் கிடைத்த அசோகரின் சிங்கத் தலைப்பு. சிங்கம் எத்தனை? மூன்று என்று சொல்லிவிடாதீர்கள். முன் தோற்றத்தில்தான் மூன்று. டாப் வியூ போட்டால் நான்கு! இரண்டு பக்கமும் தேசியக்கொடி. 14-1-1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்க, முத்திரையில் மாநிலத்தின் பெயர் மாறிற்று. இன்று வட்டத்தின் மேலே 'தமிழ்நாடு அரசு', கீழே 'வாய்மையே வெல்லும்'. இந்த வாசகம் முண்டக உபநிடதத்தின் 'சத்யமேவ ஜயதே'. 26-1-1950இல் இந்திய அரசு தன் சின்னத்தில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் முன்பே அது பாம்பனில் கல்லில் ஏறிவிட்டது. சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 26-1-1897இல் பாம்பனில் இறங்கினார். அதன் நினைவாகப் பாஸ்கர சேதுபதி நிறுத்திய தூணின் கல்வெட்டு 'சத்யமேவ ஜயதே' என்றுதான் தொடங்குகிறது. தேதியும் ஒத்துப்போவது தற்செயல் என்றாலும் எனக்கு மகிழ்ச்சியே.

இவ்வளவு அழகான முத்திரையால் எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நான் பத்தாவது படிக்கும்போது இரண்டு பேர் வந்து, மீனவர் காப்பீடு என்று படிவம் கொடுத்து, வீட்டுக்கு இருநூறு ரூபாய் வசூலித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவேயில்லை. அம்மா பத்திரமாக மடித்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்த படிவத்தை நான் சாயங்காலம் வாங்கிப் பார்த்தேன். தலையில் கோபுரம் இருந்தது. சிங்கம் இல்லை, கொடி இல்லை, சுற்றி ஓர் எழுத்தும் இல்லை. "கோபுரம் போட்டிருந்துச்சேடா" என்றார் அப்பா. வேறெதுவும் சொல்லவில்லை. எழுத்து தெரியாதவர்களுக்குச் சின்னம்தான் எழுத்து. அதனால்தான் அதைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்க 1950இல் ஒரு சட்டம் வந்தது. இந்திய அரசின் சின்னத்துக்கென்று 2005இல் தனிச்சட்டமும் வந்தது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. சட்டம் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு ரேஷன் கார்டை எடுத்து வைத்து, கோபுரத்தோடு வேறு என்னென்ன இருக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. எங்கள் அப்பாவுக்கு எழுத்து வராவிட்டாலும் 'தமிழ்நாடு அரசு' என்ற வளைவை இப்போது படமாகவே அடையாளம் கண்டுபிடிக்கிறார்.

கடைசியாக, நம் பேரவைக்கு வருகிறேன். எஞ்சினியரிங் சம்பந்தப்பட்ட சின்னம் என்றாலே மூன்று பற்சக்கரத்தை முக்கோணமாகக் கோத்து வரைந்துவிடுகிறார்கள். அது சுற்றவே சுற்றாது! முதல் சக்கரம் வலமாகச் சுற்றினால் இரண்டாவது இடமாகச் சுற்றும், மூன்றாவது வலமாகச் சுற்றும். ஆனால் மூன்றாவது முதலாவதோடும் கோத்திருப்பதால் அது இடமாகவும் சுற்றியாக வேண்டும். ஆகவே மூன்றும் பூட்டிக்கொள்ளும். நம் பேரவைக்குக் கொடி வரைகிறபோது தயவுசெய்து அதைப் போட வேண்டாம். மஞ்சள் துணி, அதன்மேல் கறுப்பில் ஒரே ஒரு பற்சக்கரம் போதும். எத்தனை பல் என்பதை மெக்கானிக்கல் துறை முடிவு செய்யட்டும். தைப்பதற்கு முன் காகிதத்தில் வெட்டி ஒட்டி மைதானத்தின் அந்தக் கோடியில் பிடிக்கச் சொல்லி, இந்தக் கோடியிலிருந்து தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம். பேரவைச் செயலாளர் துணிக்குப் பணம் ஒதுக்கினால், மூங்கில் கழிக்கு நான் பொறுப்பு.